ஐரோப்பாவில் ரயில் ரத்தானால்: குன்னூரில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர் பஸ் நிலையத்திலிருந்து பெட்ஃபோர்டுக்கு ஏறும் வழியில் பயண டிக்கெட் பதிவு செய்து தரும் சிறிய கடை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் சென்னைக்கும் வேளாங்கண்ணிக்கும் டிக்கெட் கேட்டு வந்தவர்களே அதிகம். இப்போது ஜெர்மனியில் படிக்கும் மகளைப் பார்க்கப் போகிறவர்கள் வருகிறார்கள். பணி ஓய்வுத் தொகையில் பாரிஸ், சூரிச், வெனிஸ் என்று ரயிலிலேயே சுற்றிவரக் கிளம்பும் தம்பதியர் வருகிறார்கள். அவர்களில் சிலர் திரும்பி வந்து சொல்வதைக் கேட்டால் மனம் கனத்துவிடுகிறது. ரயில் ரத்தாகியிருக்கும், யாரையும் கேட்காமல் கைப்பணத்தைக் கொட்டிப் புது டிக்கெட் வாங்கியிருப்பார்கள், வர வேண்டிய பணத்தை வாங்காமலே ஊர் திரும்பியிருப்பார்கள்.

வழி அடைபடுவது நமக்குப் புதிதல்ல. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மண் சரிந்தால் மலை ரயில் நிற்கிறது. பர்லியாறு பக்கம் மரம் விழுந்தால் பஸ் கோத்தகிரி வழியாகச் சுற்றிப் போகிறது. அப்போது நாம் நடத்துநரை விடாமல் கேட்டுத் துளைக்கிறோம். அதே உரிமையோடு அங்கேயும் கேளுங்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நிலையத்துப் பலகையில் எங்கள் ரயில் ரத்து என்று வந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

இரண்டு காரியங்களைச் செய்யாதீர்கள். கையில் இருக்கும் டிக்கெட்டை நீங்களாக ரத்து செய்யாதீர்கள். பதற்றத்தில் புது டிக்கெட் வாங்காதீர்கள். ரயிலை நிறுவனம் ரத்து செய்தால் உங்களைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு அதனுடையது. டிக்கெட்டை நீங்கள் ரத்து செய்தால், பயணம் வேண்டாம் என்று நீங்களே விலகியதாகிவிடும். மலிவு விலை டிக்கெட்டுகளில் அப்படி விலகுகிறவர்களுக்குப் பெரும்பாலும் எதுவும் திரும்பக் கிடைப்பதில்லை.

பலகையை நேரத்தோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் "ஃபெல்ட் அவுஸ்" என்றிருந்தால் ரயில் ஓடாது என்று பொருள்; "ஃபெர்ஷ்பேட்டுங்" என்றால் தாமதம். பிரான்ஸில் ரத்துக்கு "சுப்ரிமே", தாமதத்துக்கு "ரதார்". இத்தாலியில் தாமதம் "ரிடார்டோ". "ஷோப்பெரோ" என்ற சொல் கண்ணில் பட்டால் வேலைநிறுத்தம். கிளம்பும் முன் இந்த ஐந்தாறு சொற்களையும் அந்த மொழி எழுத்தில் ஒரு தாளில் எழுதித் தருகிறேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பலகையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

பிறகு நேராகத் தகவல் கவுண்டருக்குப் போங்கள். கூட்டம் நீளமாக இருந்தால் ஒருவர் வரிசையில் நிற்க, இன்னொருவர் ரயில் நிறுவனத்தின் செயலியையோ மின்னஞ்சலையோ திறந்து பார்க்கட்டும். மாற்று ரயிலுக்கான இணைப்பு பல நேரங்களில் அங்கே முன்பே வந்திருக்கும். அரவேணுவிலிருந்து போன ஒரு தம்பதி, கையில் செல்லுபடியாகும் டிக்கெட்டோடு வரிசையில் நின்று, அதே தடத்தில் அடுத்த ரயிலுக்கு இரண்டு புது டிக்கெட் வாங்கினார்கள். கவுண்டரில் இருந்த பெண் பழைய டிக்கெட்டைக் கேட்கவில்லை, இவர்களும் காட்டவில்லை. காட்டியிருந்தால் ஒரு காசு செலவில்லாமல் ஏறியிருப்பார்கள்.

நாம் இந்தியர்கள். அவர்கள் நாட்டுச் சட்டம் நமக்குப் பொருந்துமா?

பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ரயில் பயணிகள் உரிமைச் சட்டம் 2023 ஜூன் 7 முதல் புதிய வடிவில் நடைமுறையில் இருக்கிறது. டிக்கெட் வைத்திருக்கிறீர்களா என்பதுதான் அதில் கேள்வி, எந்த நாட்டு பாஸ்போர்ட் என்பதல்ல.

ரயில் ரத்தானாலும், சேருமிடத்தை 60 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாக அடைவீர்கள் என்று தெரிந்தாலும், மூன்றில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். பணத்தைத் திரும்பப் பெறலாம். கூடுதல் கட்டணம் இல்லாமல், கிடைக்கும் முதல் வாய்ப்பில் வேறு ரயிலிலோ வேறு தடத்திலோ போகலாம். அல்லது உங்களுக்கு வசதியான பிந்தைய நாளில் போகலாம். தேர்வு உங்களுடையது. "பணத்தைத் திருப்பித் தருகிறோம், போய் வாருங்கள்" என்று கவுண்டரில் சொன்னால், "எனக்குப் பணம் வேண்டாம், பயணம் வேண்டும்" என்று நீங்கள் சொல்லலாம்.

பாதி வழியில் மாட்டிக்கொண்டு, இனிப் போவதில் பயனே இல்லை என்றாகிவிட்டால், பயணம் செய்த பாதிக்கும் சேர்த்துப் பணம் கேட்கலாம்; புறப்பட்ட ஊருக்குத் திரும்பும் ரயிலும் கேட்கலாம். மகளின் பட்டமளிப்பு விழாவுக்குப் போகிறவர் விழா முடிந்தபின் போய்ச் சேர்ந்து என்ன செய்வது? அந்த நிலைமைக்காகத்தான் இந்த விதி.

ஜெர்மனிக்குப் போகிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. அங்கே சலுகை டிக்கெட்டுகள் குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். ஆனால் 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேருவீர்கள் என்று தெரிந்தாலே அந்தக் கட்டுப்பாடு நீங்கி, வேறு ரயிலில் ஏறலாம்.

தாமதத்துக்கு எவ்வளவு இழப்பீடு கிடைக்கும்?

60 முதல் 119 நிமிடம் வரை தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம். 120 நிமிடமோ அதற்கு மேலோ ஆனால் 50 சதவீதம். 80 யூரோ டிக்கெட்டில் இரண்டு மணி பத்து நிமிடம் தாமதமாகச் சேர்ந்தால் 40 யூரோ. புறப்படும் நேரத்தைப் பார்க்க மாட்டார்கள். போய்ச் சேரும் நேரம்தான் கணக்கு. முழுப் பணத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டு பயணத்தைக் கைவிட்டவருக்கு இந்த இழப்பீடு கிடையாது.

வேலைநிறுத்தம், வெள்ளம், பனி என்றால் எதுவும் கிடைக்காது என்கிறார்களே?

இந்தக் குழப்பத்தால் பணத்தை விட்டவர்கள் அதிகம், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

கடும் வானிலை, பெரிய இயற்கைப் பேரிடர், தண்டவாளத்தில் ஆள் புகுந்தது, கேபிள் திருட்டு, நாசவேலை போன்றவை நிறுவனத்தின் கையை மீறியவை. அவற்றால் தாமதமானால் மேலே சொன்ன 25, 50 சதவீத இழப்பீட்டைத் தர வேண்டியதில்லை. ஆனால் இழப்பீடு மட்டும்தான் போகிறது. பணத்தைத் திரும்பப் பெறும் உரிமையும், வேறு ரயிலில் போகும் உரிமையும், காத்திருக்கும்போது சாப்பாடு கேட்கும் உரிமையும் அப்படியே இருக்கின்றன. "வெள்ளம், நாங்கள் என்ன செய்ய முடியும்" என்று சொல்லி உங்களை வெறுங்கையோடு அனுப்ப முடியாது.

ரயில் ஊழியர்களின் வேலைநிறுத்தம் இந்த விலக்கில் சேராது. அதற்கு இழப்பீடு உண்டு. இதைக் கேட்டு வியக்காதவர் என் கடையில் இதுவரை யாருமில்லை. வேலைநிறுத்தம் என்றதும் நம் ஊரில் பந்த் மாதிரி நினைத்துத் தலையைத் தொங்கப் போட்டுவிடுகிறோம்.

வேலைநிறுத்தம் பெரும்பாலும் முன்கூட்டியே தெரியும். பிரான்ஸில் எந்த ரயில் ஓடும், எது ஓடாது என்று முந்தின நாள் மாலைக்குள் அறிவித்துவிடுகிறார்கள். இத்தாலியில் வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உள்ளூர்த் தட ரயில்களில் குறிப்பிட்ட அளவு கட்டாயம் ஓட வேண்டும். வெனிஸிலிருந்து பக்கத்து ஊருக்குப் போக அந்த இரண்டு வேளைகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தடம் நீண்ட காலம் மூடப்படுவதும் உண்டு. 2023 ஆகஸ்ட் 27 அன்று ஆல்ப்ஸ் மலையில் மோரியன் பள்ளத்தாக்கில் பாறை சரிந்து, பாரிஸ் – மிலான் தடம் அடைபட்டது. மறுபடி ரயில் ஓடியது 2025 மார்ச் 31 அன்று. ஒன்றரை ஆண்டுக்கு மேல்! அதே 2023 ஆகஸ்டில், 10ஆம் தேதி, சுவிட்சர்லாந்தின் கோட்ஹார்ட் அடிவாரச் சுரங்கத்தில் சரக்கு ரயில் தடம் புரண்டது. முழுப் போக்குவரத்து திரும்பியது 2024 செப்டம்பர் 2 அன்று. நம் மலைப் பாதையில் சரிவு விழுந்தால் மாதக்கணக்கில் மலை ரயில் இல்லாமல் இருந்த அனுபவம் நமக்கு உண்டு. மலை எங்கேயும் மலைதான். ஆகவே ஆல்ப்ஸைக் கடக்கும் பயணம் என்றால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பும், முந்தின நாளும் தடத்தின் நிலையைச் சரிபாருங்கள்.

இரண்டு ரயில் மாறிப் போகிறோம். முதல் ரயில் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால்?

உங்களிடம் இருப்பது ஒரே டிக்கெட்டா, இரண்டு டிக்கெட்டா என்பதைப் பொறுத்தது.

கோத்தகிரிப் பக்கமும் கூடலூர்ப் பக்கமும் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. அந்த வீட்டுப் பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், போட் மெயில் என்றால் போதும். அந்தக் காலத்தில் எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்தால் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு கொழும்புக்கு இன்னொரு ரயில். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அப்படித்தான் போனார்கள். வண்டிகள் மூன்றானாலும் பயணம் ஒன்று. ஐரோப்பாவிலும் முழுப் பயணத்துக்கும் ஒரே ஒப்பந்தமாக டிக்கெட் இருந்தால், இடையில் எது தவறினாலும் கடைசி ஊர்வரை கொண்டுசேர்ப்பது அவர்கள் பொறுப்பு. இழப்பீடும் கடைசி ஊரை அடைந்த நேரத்தை வைத்தே.

தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் தனிப் பயணம். முதல் ரயில் அரை மணி தாமதமாகி, உங்கள் இரண்டாவது ரயில் கண்ணெதிரே போனால், முதல் நிறுவனத்துக்கு அது வெறும் 30 நிமிடத் தாமதம். எனவே ஒரே நிறுவனத்திடம், ஒரே முறையில், ஒரே டிக்கெட்டாக எடுங்கள். பத்து யூரோ அதிகமானாலும் பரவாயில்லை என்று எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன்.

வேறு வழியே இல்லாமல் தனித்தனியாக எடுத்திருந்தால், தாமதமான ரயிலின் பரிசோதகரிடம் தாமதத்தை எழுதி உறுதிப்படுத்தித் தரக் கேளுங்கள். பல ஐரோப்பிய ரயில் நிறுவனங்களுக்கிடையே ஓர் உடன்பாடு இருக்கிறது. சர்வதேசப் பயணத்தில் இணைப்பைத் தவறவிட்டவரை, இடம் இருந்தால், அதே நிறுவனத்தின் அடுத்த ரயிலில் ஏற்றிக்கொள்வார்கள். அதற்கு அந்த உறுதிச் சீட்டு வேண்டும்.

முகவரோ இணையதளமோ தாமாகவே பல டிக்கெட்டுகளை இணைத்து ஒரே தொகையாக உங்களிடம் விற்றுவிட்டு, "இவை தனித்தனி ஒப்பந்தங்கள்" என்று சொல்லாமல் விட்டிருந்தால், இணைப்பு தவறும்போது விற்றவரே முழுத் தொகையையும் திருப்பித் தந்து, அதன்மேல் 75 சதவீதம் இழப்பீடும் தர வேண்டும். இந்த விதியை ஐரோப்பிய விற்பனையாளர்கள் நன்றாக அறிவார்கள்.

கவுண்டரில் யாரும் பதில் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் காத்திருப்பது?

100 நிமிடம். உங்கள் ரயில் புறப்பட வேண்டிய நேரத்திலிருந்து 100 நிமிடத்துக்குள் மாற்று வழி எதையும் நிறுவனம் தெரிவிக்காவிட்டால், நீங்களே வேறு ரயிலிலோ பஸ்ஸிலோ டிக்கெட் எடுத்துப் போகலாம். நியாயமான அந்தச் செலவை அவர்கள் திருப்பித் தர வேண்டும். டாக்ஸி இதில் வராது. அந்த நேரம்வரை எந்த அறிவிப்பும் வரவில்லை என்பதற்குப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய ரசீதைத் தூக்கி எறியாதீர்கள்.

இரவில் மாட்டிக்கொண்டால்?

காத்திருக்கும் நேரத்துக்கு ஏற்ற உணவும் பானமும், இரவு தங்க நேர்ந்தால் விடுதியும் அங்கே போகும் வண்டியும் தருவது நிறுவனத்தின் கடமை. வெள்ளம், பனி போன்ற காரணங்களால் என்றால் விடுதியை மூன்று இரவுகளுக்கு மட்டும் என்று வரம்பு வைக்கலாம். பெரும்பாலும் ஒரு தாள் கொடுப்பார்கள், அதைக் காட்டினால் விடுதியில் அறை கிடைக்கும். விடுதிகள் நிரம்பிவிட்டதாகச் சொன்னால், நீங்களே நடுத்தர விலையில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அவர்கள் சொன்னதையும் ரசீதையும் குறித்து வையுங்கள்.

நான் ஒரு முறை ஆல்ப்ஸ் அடிவாரத்து நிலையம் ஒன்றில் இரவு பதினொன்றரைக்கு மாட்டிக்கொண்டேன். காத்திருப்பு அறையைப் பூட்டிவிட்டார்கள். நடைமேடைக் குளிர் ஊட்டியின் ஜனவரி உறைபனிக் காலைபோல எலும்பில் இறங்கியது. பக்கத்தில் ஒரு வயதான அம்மா, எந்த நாட்டவரோ, நடுங்கிக்கொண்டிருந்தார். என் பையில் இருந்த வர்க்கியைப் பிரித்து ஆளுக்கு இரண்டு தின்றோம். அன்று உரிமையைக் கேட்கத் தெரியாமல் விடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நிலைய வாசலில் இருந்த உதவி மணியை அழுத்திக் கேட்டிருந்தால் அந்த அம்மாவுக்காவது ஒரு அறை கிடைத்திருக்கும். அந்த எண்ணம் இன்னும் என்னை விடவில்லை. மருந்து, ஒரு வேளை உணவு, கம்பளிச் சால்வை மூன்றையும் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்கள் கட்டாயம்.

அப்பாவுக்குச் சக்கர நாற்காலி தேவை. ரயில் மாறினால் உதவி கிடைக்குமா?

கிடைக்க வேண்டும், கட்டணமின்றி. முதலில் பதிவு செய்யும்போது 24 மணி நேரத்துக்கு முன்பாவது தெரிவித்திருங்கள். ரயில் மாறியதும் புதிய ரயிலுக்கும் உதவியை மாற்றிப் பதியச் சொல்லி, அது முடியும்வரை கவுண்டரை விட்டு நகராதீர்கள்.

பாரிஸ் – லண்டன் ரயில் ரத்தானால் விசா என்ன ஆகும்?

இந்தத் தடத்தில் பாஸ்போர்ட் சோதனை ஏறுவதற்கு முன்பே, பாரிஸ் நிலையத்திலேயே நடக்கிறது. பிரிட்டனுக்குத் தனி விசா; பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி போன்ற, ஒரே பொது விசாவில் போகக்கூடிய ஷெங்கன் நாடுகளுக்குத் தனி விசா. ஒரு முறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசாவில் போகிறவர் சோதனையைக் கடந்தபின் ரயில் ரத்தானால், ஷெங்கன் பகுதியிலிருந்து வெளியேறியதாகப் பதிவாகியிருக்கும். நிலையத்தை விட்டு வெளியே வருவதற்குள் எல்லைக் காவலரிடம் அந்தப் பதிவை ரத்து செய்யச் சொல்லுங்கள். கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்துவிட்டு அடுத்த நாள் விளக்கம் சொல்ல நேர்வது வீண் தொல்லை.

2025 மார்ச் 7 அன்று பாரிஸுக்கு அருகே தண்டவாளப் பணியில் இரண்டாம் உலகப் போர்க் குண்டு ஒன்று கிடைத்து, லண்டன் ரயில்கள் கிளம்பும் கார் து நோர் நிலையத்தில் அன்றைய போக்குவரத்து பெருமளவு நின்றது. இப்படி ஒரு நாளில் உங்கள் விசாவின் கடைசித் தேதியும் சேர்ந்துகொண்டால் பயப்படாதீர்கள். உங்கள் கையை மீறிய காரணத்தால் வெளியேற முடியாவிட்டால் ஷெங்கன் விசாவைக் கட்டணமின்றி நீட்டித்துத் தர விதி இருக்கிறது. விசா முடிவதற்குள், நீங்கள் இருக்கும் நாட்டுக் குடியேற்ற அலுவலகத்தில், ரத்துக்கான சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் இடம் தராமல், விசாவில் இரண்டு மூன்று நாள் மிச்சம் வைத்தே பயணத்தைத் திட்டமிடுங்கள்.

பல நாடுகளின் ரயில்களில் போக ஒரே சீட்டான யூரேல் பாஸ் வைத்திருக்கிறோம். ரயில் ரத்தானால்?

முன்பதிவு கட்டாயமில்லாத ரயில் என்றால் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம். பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் அதிவேக ரயில்களில் இருக்கை முன்பதிவு கட்டாயம். ரத்தானால் கவுண்டரில் அடுத்த ரயிலுக்கு மாற்றி வாங்குங்கள். தாமதத்துக்கு பாஸ்காரர்களும் இழப்பீடு கேட்கலாம்.

ரயில் தாமதமாகி ஊருக்குத் திரும்பும் விமானத்தைத் தவறவிட்டால்?

ரயில் டிக்கெட்டும் விமான டிக்கெட்டும் தனித்தனியானால் விமானத்துக்கான நஷ்டத்தை ரயில் நிறுவனம் ஏற்காது. விசாவுக்காக எடுக்கும் காப்பீடும் காப்பாற்றும் என்று நம்பிவிடாதீர்கள். அங்கே கேட்கப்படுவது குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடுதான். பயணத் தாமதம், இணைப்பு தவறுதல் என்ற பிரிவுகள் பாலிசியில் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். முந்தின இரவே விமான நிலைய ஊருக்குப் போய்விடுவது இன்னும் நல்லது. மழைக்காலத்தில் கோவை விமானத்துக்கு நாம் முந்தின நாளே மலை இறங்குகிறோம் அல்லவா?

பணத்துக்குப் பதில் வவுச்சர் தருகிறோம் என்கிறார்கள்.

வேண்டாம் என்று சொல்லலாம். மீண்டும் எப்போது ஐரோப்பா போகப் போகிறோம்? எனக்கே நடந்தது. இணையத்தில் டிக்கெட் விற்ற ஒருவர், ரத்தான ரயிலுக்கு ஓராண்டு செல்லும் வவுச்சரை அனுப்பிவிட்டு விஷயம் முடிந்தது என்றார். பணமாகவே வேண்டும் என்று மூன்று மின்னஞ்சல் எழுதியபின் பணம் வந்தது. பணமாகக் கேட்பது பயணியின் உரிமை.

குன்னூருக்குத் திரும்பியபின் விண்ணப்பிக்க முடியுமா?

முடியும். ரயில் நிறுவனத்தின் இணையதளத்திலேயே படிவம் இருக்கும். நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அனுப்பிவிடுங்கள். இழப்பீட்டுத் தொகை, விண்ணப்பித்த ஒரு மாதத்தில் வர வேண்டும். டிக்கெட், பலகையின் படம், உறுதிச் சீட்டு, சாப்பாட்டு ரசீது எல்லாவற்றையும் அன்றன்றே ஒரு உறையில் போட்டு, மேலே தேதி எழுதி வையுங்கள். பில் தாள்களில் மை சீக்கிரம் மங்கிவிடும், படமும் எடுத்துவிடுங்கள்.

நம்மவர்கள் நின்றுவிடும் இடம் ஒன்று உண்டு. படிவத்தில் வங்கிக் கணக்குக்கு "ஐபான்" எண் கேட்கும். இந்திய வங்கிகளில் அந்த எண் கிடையாது. பெட்டி காலியாக இருந்தால் படிவம் நகராது. பலர் அதோடு மூடி வைத்துவிடுகிறார்கள். டிக்கெட் வாங்கிய கார்டுக்கே பணத்தை அனுப்பச் சொல்லலாம். அல்லது மின்னஞ்சலில் கணக்கு எண்ணையும் வங்கியின் ஸ்விஃப்ட் குறியீட்டையும் கொடுக்கலாம். அங்கே படிக்கும் பிள்ளைக்கு ஐரோப்பியக் கணக்கு இருந்தால் அதன் எண்ணைக் கொடுப்பது எளிது.

பதில் மறுப்பாக வந்தால், அந்த நாட்டில் பயணிகள் உரிமையைக் கண்காணிக்கும் அரசு அமைப்புக்கு எழுதலாம். ஆங்கிலத்தில் எழுதுவது கடினமாக இருந்தால் உறையோடு கடைக்கு வாருங்கள், உட்கார்ந்து எழுதுவோம். அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை.

ஐரோப்பா இருக்கட்டும், பக்கத்தில் கொல்கத்தா – டாக்கா ரயிலில் போகலாமா?

கொல்கத்தாவிலிருந்து டாக்காவுக்கு 2008 முதல் ஓடிய மைத்ரீ எக்ஸ்பிரஸும், பங்களாதேஷுக்கான மற்ற பயணி ரயில்களும் 2024 ஜூலையில் நிறுத்தப்பட்டன. ரயிலை நம்பி விடுதியோ விமானமோ பதிவு செய்துவிடாதீர்கள்.

எல்லாம் முடிந்து சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் வந்தால், மலை ரயில் ரத்து!

இணையத்தில் எடுத்த டிக்கெட்டானால் பணம் தானாகவே கணக்குக்குத் திரும்பும். கவுண்டர் டிக்கெட்டானால் அங்கேயே கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய் மறந்துவிடாதீர்கள். குன்னூர் பஸ்ஸில் ஏறும் முன், சாலை திறந்திருக்கிறதா, கோத்தகிரி வழியா என்று நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.